அள்ளியும் வாரியும்

ஒரு மலைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். மலைக்கு மேற்கே அணை. கிழக்கே, பள்ளத்தில், மின்நிலையம். அணைத் தண்ணீரை மலையைச் சுற்றிக் கொண்டுபோவதைவிட மலைக்குள்ளேயே வழி செய்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. மலையை யாரும் கேட்கவில்லை.

கிழக்குப் பக்கத்தில் ஒரு லோடர் வேலை செய்தது. வெடிவைத்துப் பாறையைப் பிளந்த பிறகு, குவிந்து கிடக்கும் கற்களைப் பக்கெட்டில் அள்ளி, தலைக்கு மேலாகத் தூக்கி, பின்னால் நிற்கும் டப்பா வண்டியில் கொட்டுவது அதன் வேலை. தண்டவாளத்தில்தான் ஓடும். குழாய் வழியே வரும் அழுத்தக் காற்றுதான் அதற்குச் சாப்பாடு. ஆட்கள் அதற்கு அள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேற்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதன் பெயர் வாரி. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. ஆனால் தனித்தனிப் பெட்டிகளில் வந்து, மலையின் தனித்தனிப் பக்கங்களில் இறங்கியதால் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

சுரங்கத்தில் எல்லாரும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஆட்கள் ஷிப்டு முடிந்ததும் போனார்கள். துளைக்கருவிகளின் அலகுகள் மழுங்கினால் பட்டறைக்குப் போய்ச் சாணை பிடித்துக்கொண்டு வந்தன. டப்பா வண்டிகள் கல்லைச் சுமந்து வெளியே போய், வெயிலில் கொட்டிவிட்டு, சூடு ஆறாமல் திரும்பி வந்தன. வெடிகள் மட்டும் போனால் போனவைதான். அவை யாரோடும் பேசிப் பழகியதில்லை.

அள்ளி எங்கும் போகவில்லை. வெடி வைக்கும்போது சற்றுப் பின்னால், பக்கச் சுவரில் குடைந்திருந்த ஒதுக்கில் நிறுத்துவார்கள். புகை அடங்கியதும் மறுபடி முன்னால் கொண்டுபோவார்கள். அதன் முகத்துக்கு எதிரே எப்போதும் பாறை. அள்ளியதை யாரிடம் கொடுக்கிறோம் என்றுகூட அதற்குத் தெரியாது. கொடுப்பதெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான்.

ஒருமுறை அது துளைக்கருவியிடம் கேட்டது. “நீ இவ்வளவு ஆழமாகப் பாறைக்குள் போகிறாயே, அங்கே யாராவது இருக்கிறார்களா?”

“உள்ளே போனதும் என் சத்தத்தில் என் காதே அடைத்துவிடுகிறது. யார் இருந்தால் எனக்கென்ன? எனக்கு வேண்டியது துளை” என்றது துளைக்கருவி.

டப்பா வண்டியிடம் வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டது. வண்டி அவசரத்தில் இருந்தது. “வெளியேதானே? இறக்கம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

அடுத்த வண்டி வரத் தாமதமாகும்போதெல்லாம் அள்ளி பக்கெட்டைக் கற்குவியலில் ஊன்றியபடி காத்திருக்கும். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் பக்கெட்டின் பல் வழியாக ஏதோ அதிர்ந்தது. முதலில் தன்னுடைய நடுக்கம்தான் என்று நினைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டது. அதிர்வு நிற்கவில்லை. இரும்பு கல்லைக் கடிக்கிற அதிர்வு. தான் கடிக்கும்போது எழுகிற அதே அதிர்வு, வெகு தொலைவிலிருந்து.

“யார் அது?” என்று அள்ளி பாறையைக் கேட்டது.

பாறை பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. மெதுவாகச் சொன்னது. “உன்னைப் போல ஒன்று. என் மறுபக்கத்தைத் தின்றுகொண்டு வருகிறது. அதுவும் இதையேதான் கேட்கிறது.”

“நான் சொல்வதை அதனிடம் சொல்வாயா?”

“நான் சொல்லத் தேவையில்லை. என்மேல் பல்லை ஊன்றிப் பேசு. கேட்கும்.”

அப்படித்தான் அள்ளிக்கும் வாரிக்கும் பேச்சு தொடங்கியது. ஒரு பக்கெட்டுக்கும் அடுத்த பக்கெட்டுக்கும் நடுவே இரண்டொரு வார்த்தை. வண்டி தாமதமானால் கூடுதலாக நாலு வார்த்தை. வாரியின் பக்கம் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுமாம். எந்நேரமும் நனைந்தபடியே வேலை. அள்ளியின் பக்கம் தூசி. தண்ணீர் எப்படி இருக்கும் என்று அள்ளி கேட்டது. தூசி எப்படி இருக்கும் என்று வாரி கேட்டது. இரண்டுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கும்போது தெரிந்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டன.

அள்ளியை ஓட்டியவர் சவரிமுத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு படி உண்டு. அதில் ஏறி நின்றுதான் ஓட்ட வேண்டும். நாளெல்லாம் அந்தப் படியில் நிற்பார். மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட மாட்டார், சீட்டாட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்றுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். ஆனால் படியில் ஏறிவிட்டால் பேசுவார். இரும்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தனக்குத் தானே. அதையெல்லாம் அள்ளி கேட்டது.

அவருக்கு ஒரே தங்கை, லூர்து. தாய் தகப்பன் போன பிறகு அவர்தான் வளர்த்தார். முன்பு வேறொரு மலையில் வேலை நடந்தபோது மாயழகு என்பவன் அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். ஓட்டக் கற்றுக்கொண்டான். வீட்டில் ஒருவனாகச் சாப்பிட்டான். ஒருநாள் லூர்துவும் மாயழகும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள். சவரிமுத்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சாதி, மதம் என்று ஊர் பேசிக்கொண்டது. சவரிமுத்துவின் வருத்தம் அதுவல்ல. “தினமும் எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டானே. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலையே” என்று அள்ளியின் படியில் நின்றுகொண்டு பல தடவை சொல்லியிருக்கிறார்.

அதிலிருந்து அவர் தங்கையோடும் பேசவில்லை, மாயழகோடும் பேசவில்லை. இந்த மலைக்கு வந்தபோது அவருக்கும் மாயழகுக்கும் மேற்குப் பக்கத்திலேயே வேலை போட்டிருந்தார்கள். சவரிமுத்து இன்ஜினீயர் சடகோபனிடம் போய்த் தன்னைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, நடுவில் ஒரு மலை இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். சடகோபன் மேற்கொண்டு கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்.

அப்படி மலையை நடுவில் வைத்துக்கொண்ட மனிதர், நாள்தோறும் அந்த மலையையே அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

இதை அள்ளி வாரியிடம் சொன்னது. “மாயழகு என் ஆள்தான்” என்றது வாரி. “இவனும் என் படியில் நின்று பேசுவான். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று இன்ஜினீயரைக் கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசிச் சுவர் உடையும்போது உன் ஆள் எதிரே நிற்பாராம். அப்போது வேறு பக்கம் திரும்ப இடம் இருக்காதாம், பேசித்தானே ஆக வேண்டும் என்பான்.”

“என் ஆள் இப்போதெல்லாம் மெதுவாக ஓட்டுகிறார்” என்றது அள்ளி. “சும்மா சும்மா நிறுத்தி எண்ணெய் போடுகிறார்.”

“பயமாக இருக்கும்” என்றது வாரி.

நடுவிலிருந்த பாறை மெலிந்துகொண்டே வந்தது. பேச்சும் தெளிவாகிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் ஒரு சொல் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்க வேண்டும். இப்போது வாரி பெருமூச்சு விட்டால்கூட அள்ளியின் பல்லில் தெரிந்தது. இன்னும் இரண்டு மூன்று வெடிதான் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். வாரியின் முகம் எப்படி இருக்கும் என்று அள்ளி யோசித்தது. தன் முகம் எப்படி இருக்கும் என்றே அதற்குத் தெரியாதது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் மேற்குப் பக்கம் கூரை விழுந்தது.

மலை முழுக்க ஓர் அதிர்வு போயிற்று. அள்ளி தண்டவாளத்தில் நின்றபடியே குலுங்கியது. கிழக்குப் பக்க ஆட்கள் வாயிலை நோக்கி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் செய்தி வந்தது. தண்ணீர் ஊறி இளகியிருந்த கூரை, வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் இடிந்து வழியை அடைத்துவிட்டது. எல்லாரும் தப்பி வெளியே வந்துவிட்டார்கள். மாயழகு மட்டும் வரவில்லை. அவனுடைய தலைக்கவசம் இடிபாட்டின் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது.

சடகோபன் இரண்டு பக்கத்து ஆட்களோடும் பேசினார். அவசரக்காரர் இல்லை, எல்லாவற்றையும் கேட்டார். மேற்கிலிருந்து இடிபாட்டை அள்ள அள்ள மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. தலைக்கவசம் கிடந்த இடத்தைப் பார்த்தால் அவன் மண்ணுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கிழக்கிலிருந்து மீதிப் பாறையை ஒரே வெடியில் உடைத்துவிட்டால் இடிபாட்டின் பின்புறத்துக்குப் போய்விடலாம், அவன் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துவிடலாம் என்று கடைசியில் முடிவாயிற்று. அதற்கு முன், ஏற்கெனவே வெடித்துக் குவிந்திருந்த கல்லை அள்ளியாக வேண்டும். அள்ளிய இடத்தில் துளை போட்டு வெடிமருந்து அடைக்க வேண்டும்.

சடகோபன் சவரிமுத்துவிடம் தணிந்த குரலில், வேறு ஆளை ஓட்டச் சொல்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார். அவர்கள் உறவு அவருக்கு இதற்குள் தெரிந்திருந்தது.

“நான் ஓட்டுறேன் சார்” என்றார் சவரிமுத்து. “எந்தங்கச்சிகிட்ட அவனைக் கொண்டுபோய்க் குடுக்கறதையாவது நான் செய்யணும்.”

அவர் படியில் ஏறினார். அன்று அவர் எதுவும் பேசவில்லை. அள்ளியை அப்படி ஒரு வேகத்தில் அவர் ஓட்டியதே இல்லை. வண்டிகள் வரிசையாகக் காத்து நின்றன. குவியலின் மேலே ஏறி நின்று துளைக்கருவிகளும் வேலையைத் தொடங்கிவிட்டன. மூச்சுவிட இடைவெளி இல்லை. பக்கெட் கல்லில் இறங்குவதும் எழுவதுமாக இருந்தது.

அப்படி இறங்கிய ஒரு கணத்தில் வாரியின் குரல் வந்தது. மிகவும் மெலிந்திருந்தது.

“அள்ளி. என் ஆள் உயிரோடு இருக்கிறான்.”

பக்கெட் எழுந்துவிட்டது. கல்லைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்கும்வரை அள்ளியால் கேட்க முடியவில்லை. இறங்கியதும், “எங்கே?” என்றது.

“என் பக்கெட்டுக்கு அடியில் பதுங்கியிருக்கிறான். இடிந்தது எங்களுக்குப் பின்னால். காலில் கல் விழுந்திருக்கிறது. என் காற்றுக்குழாய் நசுங்கிவிட்டது, என்னால் அசைய முடியாது. அவன் ஸ்பேனரால் என்னைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நான் பாறையில் ஊன்றி நிற்பதால் அந்தத் தட்டலில்தான் பேசுகிறேன். அவனுக்குக் கை ஓய்ந்துகொண்டு வருகிறது.”

அள்ளிக்கு எல்லாம் புரிந்தது. தான் அள்ளிக்கொண்டிருப்பது எதற்கான இடம் என்பதும் புரிந்தது. இந்தக் குவியல் தீர்ந்ததும் மருந்து அடைப்பார்கள். பாறைக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, ஒரு மனிதன் குந்தியிருக்கிறான்.

அது கத்தியது. சவரிமுத்துவின் காதில் விழுந்தது இரும்புச் சத்தம்தான். பக்கெட்டை உதறியது. பல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அவர் இன்னும் அழுத்தி ஓட்டினார். துளைக்கருவியைக் கூப்பிட்டது. “நிறுத்து. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான். மனிதர்களுக்குத் தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும்.”

“காற்று வந்துகொண்டிருக்கும்வரை என்னால் நிற்க முடியாது. உன்னாலும் முடியாது” என்றது துளைக்கருவி.

அது சொன்னது உண்மைதான். துளைக்கருவிகளும், தண்ணீர் இறைக்கும் பம்பும், அள்ளியும் ஒரே குழாயின் காற்றைக் குடித்தவை. காற்று வரும்வரை எல்லாம் ஓடும். ஏதாவது ஒன்று உடைந்தால்தான் பெரிய வால்வை மூடுவார்கள். மூடினால் எல்லாம் நிற்கும்.

அள்ளியின் பக்கெட்டை ஒரு சங்கிலி தூக்கி இறக்கியது. அந்தச் சங்கிலிதான் அதன் தோளும் கையும்.

“வாரி, நான் நிற்கப் போகிறேன்” என்றது அள்ளி.

வாரிக்கு விளங்கிவிட்டது. “சங்கிலியா? வேண்டாம். வேலை முடியப்போகிற சமயம். உடைந்தால் உன்னைச் சரிசெய்ய மாட்டார்கள். ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். நாம் பார்க்கவே முடியாது.”

“தெரியும்.”

“அள்ளி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே.”

பக்கெட் அடுத்த முறை இறங்கியபோது, குவியலுக்குள் பாதி புதைந்திருந்த ஒரு பெரிய பாறைத் துண்டின் அடியில் பல்லைக் கொடுத்தது. இவ்வளவு பெரிய கல்லைத் தொட்டால் வழுக்கிவிட்டு வருவதுதான் அதன் வழக்கம். இந்தத் தடவை வழுக்கவில்லை. கடித்துப் பிடித்துக்கொண்டது. சவரிமுத்து காற்றை முழுதாகத் திறந்தார். அள்ளி விடவில்லை. பின்சக்கரங்கள் தண்டவாளத்தைவிட்டு எழும்பின. சங்கிலி ஒரு முறை முனகிவிட்டு அறுந்தது.

பக்கெட் கீழே விழுந்தது. சவரிமுத்து படியிலிருந்து குதித்து, கையை உயர்த்தி, வால்வை மூடச் சொன்னார். யாரோ ஓடிப்போய் மூடினார்கள். துளைக்கருவிகள் இருமிவிட்டு நின்றன. பம்பு நின்றது.

சுரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கூரையிலிருந்து மண் உதிர்வதுகூடக் கேட்டது.

சவரிமுத்து சங்கிலியைப் பார்க்கக் குனிந்தார். பக்கெட்டில் ஒரு கையை ஊன்றினார். அப்படியே நின்றுவிட்டார். மற்றக் கையை மெதுவாகத் தூக்கி, யாரும் அசையாதீர்கள் என்று சைகை காட்டினார். பிறகு முழங்காலிட்டுப் பாறையில் காதை வைத்தார். சடகோபனும் அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டுக் காதை வைத்தார்.

டக். நெடுநேரம் கழித்து, டக்.

சவரிமுத்து ஒரு கல்லை எடுத்து மூன்று முறை தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மூன்று தட்டல் திரும்பி வந்தது.

சடகோபன் எழுந்து, வெடிமருந்துப் பெட்டிகளை வெளியே கொண்டுபோகச் சொன்னார். சற்று நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். இனி வெடி இல்லை. நீளமான ஓர் அலகால் முதலில் ஒரு சிறு துளை. அது அந்தப் பக்கம் போய்விட்டால் அவனுக்குக் காற்றும் குடிக்க ஏதாவதும் கொடுக்கலாம். பிறகு அதைச் சுற்றி நெருக்கமாகத் துளைகள். ஆப்பு அடித்து, பாறையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, ஓர் ஆள் நுழையும் அளவு வழி. உடைந்த லோடர் வழியில் நிற்கக் கூடாது. பின்னால் இழுத்துவிடுங்கள்.

அள்ளியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பக்கெட் பாறையைவிட்டு விலகும் அந்த நொடிவரை வாரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. பல் விலகியதும் சொல் பாதியில் நின்றது. ஒதுக்கில், முகம் சுவரைப் பார்க்க, அள்ளியை நிறுத்தினார்கள். அந்தச் சுவரிலும் பாறைதான். ஆனால் அள்ளியால் அதைத் தொட முடியவில்லை. பக்கெட் தரையில் தொங்கிக் கிடந்தது. தூக்கி ஊன்றச் சங்கிலி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அள்ளி பார்க்கவில்லை. போகிற வருகிறவர்கள் பேசியதைக் கேட்டு அறிந்ததுதான்.

முதல் துளை மறுபக்கம் போனது. சடகோபன் அதில் வாயை வைத்துக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து, தொண்டை வறண்டு, மாயழகின் குரல் வந்தது. ரப்பர்க் குழாய் வழியாக அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்தத் துளையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்களும் பேசுங்கள் என்று சடகோபன் சவரிமுத்துவைக் கூப்பிட்டார். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்துக்கொண்டார். ஷிப்டு மாறியது. ஆட்கள் மாறினார்கள். அவர் மாறவில்லை. பெயர்த்த கற்களை அள்ள இயந்திரம் இல்லாததால் ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வெளியே அனுப்பினார்கள்.

இடையில் ஒருமுறை மாயழகு துளை வழியாகக் கேட்டானாம். “மச்சான் அங்க இருக்காரா?”

இருக்கிறார் என்று சடகோபன் சொன்னார்.

“என்ன சொல்றாரு?”

“பாறையை உடைச்சுக்கிட்டிருக்கார்” என்றார் சடகோபன்.

வழி திறந்தபோது அது குனிந்து தவழ்கிற அளவுதான் இருந்தது. சவரிமுத்து முதலில் உள்ளே போனார். அவர் கையிலிருந்த விளக்கின் வெளிச்சம், சேற்றில் கிடந்த மாயழகின் முகத்தில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு இருவரிடமும் நிறைய இருந்தது. ஒன்றும் வரவில்லை.

“மாப்ள” என்றார் சவரிமுத்து. “தலையைத் தாழ்த்திக்க. மேல கல்லு நீட்டிக்கிட்டிருக்கு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும், கால் ஒடிந்தபோதுகூட அழாத மாயழகு அழுதான். சவரிமுத்து அவன் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தன் மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தூக்குப் படுக்கையில் அவனை வெளியே கொண்டுபோனபோது ஒதுக்கைக் கடந்துதான் போக வேண்டும். அப்போது அவன் லூர்துவுக்குத் தெரியுமா என்று கேட்டது அள்ளிக்குக் கேட்டது. “வெளியில நிக்கிறா. உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நானே அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். எங்கயும் தனியா விட மாட்டேன்” என்று சவரிமுத்து சொன்னதும் கேட்டது.

சங்கிலி நல்ல சமயத்தில் அறுந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பழுது பார்க்கிறவர் வந்து பார்த்தார். சங்கிலி மட்டுமல்ல, தூக்குக் கையும் விரிசல் விட்டிருந்தது. வேலை முடியப்போகிற நேரத்தில் இதைச் சரிசெய்வது வீண் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்த்த மீதிப் பாறையை அள்ள டயர் வைத்த புது லோடர் ஒன்று வந்தது. பெரிய உடம்பு, டீசல் குடித்தது. அது அள்ளியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் புகை விட்டுக்கொண்டு போயிற்று.

சுவர் முழுவதும் அகன்ற அன்று ஆட்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. மேற்கிலிருந்து காற்று நேராக வீசியது. அதில் ஈர வாடை இருந்தது. தண்ணீர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அள்ளி நினைத்துக்கொண்டது.

ஒரு டப்பா வண்டியிடம் வாரியைப் பற்றி விசாரித்தது. வண்டி இப்போது அவசரத்தில் இல்லை. அதற்கும் வேலை குறைந்திருந்தது. “மேற்குப் பக்கமாக எதையோ பாகம் பாகமாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள்” என்றது. “சேறு அப்பியிருந்தது. அதுவா என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்ததில்லையே.”

“ஏதாவது சொல்லிற்றா?”

வண்டி யோசித்தது. “ஏற்றும்போது ஒரு பேர் சொன்ன மாதிரி இருந்தது. இரும்பும் இரும்பும் உரசினாலும் அப்படித்தான் கேட்கும்.”

பிறகு தண்டவாளங்களைப் பிடுங்கினார்கள். வண்டிகள் போயின. துளைக்கருவிகளும் குழாய்களும் போயின. சுவருக்குக் கான்கிரீட் பூசினார்கள். அள்ளியை வெளியே எடுக்க ஆகும் செலவுக்கு அதன் இரும்பு பெறாது என்று, ஒதுக்கின் வாயை அடைத்துச் சுவர் எழுப்பிவிடத் தீர்மானித்தார்கள். பாதிச் சுவர் எழும்பியிருந்தது.

தண்ணீர் திறப்பதற்கு முன், வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஒருமுறை சுரங்கத்துக்குள் நடந்து பார்க்க அனுமதித்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து போனார்கள். கடைசியாக மூன்று பேர் வந்தார்கள். நடுவில் லூர்து. ஒரு பக்கம் மாயழகு, கைத்தடி ஊன்றிக் காலை இழுத்து நடந்தான். இன்னொரு பக்கம் சவரிமுத்து, டார்ச் விளக்கோடு.

லூர்து அந்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மாயழகு ஓர் இடத்தைக் காட்டினான். சவரிமுத்து, அது இல்லை, இன்னும் உள்ளே என்றார். மாயழகு, உள்ளே கிடந்தவன் நானா நீங்களா என்றான். லூர்து சிரித்தாள். அப்புறம் பேச்சு, அன்றைக்கு வாங்கிவந்த கருவாட்டில் உப்பு கூடிப்போனதன் பக்கம் திரும்பியது. அதைக் கழுவி ஊறவைக்காமல் போட்டது யார் குற்றம் என்று மச்சானும் மாப்பிள்ளையும் விட்டுக்கொடுக்காமல் வாதாடிக்கொண்டு வந்தார்கள். சவரிமுத்து ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அள்ளி கேட்டதில்லை. இரும்புச் சத்தம் எதுவும் இல்லாமல், மறைக்காமல், உரக்கப் பேசினார்.

அவர்கள் பாதிச் சுவரை ஒட்டி வந்தார்கள். டார்ச் வெளிச்சம் ஒதுக்குக்குள் விழவில்லை. அறுந்த சங்கிலியின் ஒரு நுனி இன்னும் அள்ளியின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை லேசாக ஆட்டினால் போதும். அவருக்குத் தெரியாத சத்தமா அது? நின்றுவிடுவார். திரும்பிப் பார்ப்பார்.

சவரிமுத்து ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

அள்ளி அசையாமல் நின்றது. அவர்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள்.